மங்களம் வரைக்கும் ஒரு கச்சேரி

...இல்லீங்க சாமி, எந்திரிக்கலீங்க. சும்மா காலை நீட்டிப் போடலாமுன்னு பாத்தேன், அதுக்குள்ள அப்பிடி மொறைக்கறீங்களே! நான் என்ன கன்னுக்குட்டியா, கவுத்தை அவுத்துக்கிட்டுப் பந்தலுக்குள்ள பூந்துர்றதுக்கு? பொண்ணைப் பெத்தவன் நானுங்க. அந்தப் பந்தல் என்றது. அங்க எரியற பெட்ரமாக்ஸ் லைட்டு நாங் கொண்டாந்தது. மேடையில விரிச்சிருக்கற ஜமக்காளம் பவானி வரைக்கும் போயி நாந் தேடி வாங்கியாந்தது. பாடிக்கிட்டிருக்காரே கொடுவாயூர் பாகவதர், அவரு எனக்காக... சரி, எனக்காக வல்லீங்க, எம் பொண்ணுக்காக வந்தவரு. இருக்கட்டும். ஆனா நான் எங்க குக்கியிருக்கறனுங்க? சமையக் கொட்டாயில, உங்க உருளிக்குப் பக்கத்துல, மொகத்துல பொகையடிக்க! எருத்தேன்பதியில எவனாச்சும் மக கல்யாணக் கச்சேரியை அடுப்படியில உக்காந்து கேட்டிருக்கறானுங்களா?

சட்டுவத்தைக் குடுங்க, நாங் கிண்டறேன். என்ற கைக்கு எதாச்சும் ஒரு சோலி இருக்கோணுமின்னு எம் பொண்ணு உங்ககிட்ட சொல்லீட்டுத்தான போனா? கேட்டுதுங்க எனக்கு. "சாமி, அப்பா கை சும்மா இருக்கப்படாதுங்க"ன்னா. கழுத்துல மாலையோட, ஒறம்பரையெல்லாம் பாத்துக்கிட்டிருக்க, இதைச் சொல்றதுக்குன்னே பொடக்காலி வழியா வந்துட்டுப் போறா. இந்தக் கச்சேரி ஒண்ணாச்சும் மங்களம் பாடி முடியற வரைக்கும் நடக்கோணுமாம். அதுக்கு நான் இங்க இருக்கோணுமாம். என்ன நாயமுங்க இது? வருசம் பூராக் கச்சேரி கச்சேரின்னு காரைப் போட்டுக்கிட்டு அலைஞ்சவன் நானு. கச்சேரி கெட்டுப் போனா அதுக்கு நானா பொறுப்பு? இந்த வருசம் மிருதங்கக்காரங்க சரியில்லீங்க. அதான் விசயம். ஒருத்தரு பாக்கியில்லாம, போறப்ப ஓடறாங்க, வர்றப்ப இழுக்கறாங்க. அது எப்பிடித்தான் எல்லாருக்கும் ஒட்டுக்கா அந்த வியாதி வந்துச்சோ!

என்னங்க, தீ எச்சா? இருங்க, வெறகை இழுத்து உடறேன். நீங்க பாட்டுக்குப் பிரதமன் பாயசத்துக்கு அடையை வேக வெய்ங்க, நாம் பாட்டுக்குச் சொல்றேன்.

போன தையில மயிலாத்தாளுக்கு நிச்சயம் பண்ணுனமுங்க. எனக்கு ஒரே பொண்ணு. அவங்காத்தா போயி நாளாச்சு, நானும் அவளுந்தான் ஊட்டுல. மாப்பளைக்கு வண்டன்மேட்டுல ஏலத்தோட்டம். நிச்சயத்துக்கு வெச்ச வெத்தலை வாடலை, மாப்பளையோட தாத்தா காலமாயிட்டாரு. வருசம் திரும்பட்டும், அப்பறம் முகூர்த்தம் பாக்கலாமுன்னாங்க. சரி, நாயந்தானன்னு, துக்கம் கேக்க நான் மட்டும் வண்டன்மேட்டுக்குப் போனனுங்க. போயிப் பாத்தா மழைங்க. அதுபாட்டுக்குப் பேயுது, நிக்கவே மாட்டீங்குது. வேட்டியைத் தூக்கிப் பாத்தா அட்டை. நல்ல மனுசங்க, கொறை சொல்லப்படாது. ஏலக்காப் போட்டுக் காப்பித்தண்ணி குடுத்தாங்க. ஆனா பாட்டுன்னு ஒண்ணு கேக்கோணுமின்னா அங்க பூச்சி கத்தறதுதானுங்க பாட்டு. இந்தப் புள்ளையோ எங்கூட்டு ரேடியோப் பொட்டிக்குப் பக்கத்துல சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கறவ. பேட்டரி தீந்துபோனா அழுகறவ! அந்த மழைக்குள்ள எப்பிடி இருக்கப் போறாளோன்னு ஊடு வந்து சேர்ற வரைக்கும் ரோசனை பண்ணிக்கிட்டே வந்தேன்.

அப்ப முடிவு பண்ணுனனுங்க. மலைக்குப் போறதுக்குள்ள, இந்த ஒரு வருசம், எங்க நல்ல பாட்டு நடந்தாலும் சரி, அவளைக் கூட்டீட்டுப் போயி நேருல கேக்க வெச்சுப்போடறது. அப்பன் குடுக்கற சீருன்னு வெச்சுக்கட்டும். ஒடனே காரு வாங்குனேன். தோட்டத்துத் தொரை ஒருத்தரு சீமைக்குப் போறப்ப வித்துட்டுப் போன காரு. ஏன் வித்தாருன்னு மொத ஏத்தத்துலயே தெரிஞ்சு போச்சு. டிரைவர் வேண்டாம், நானே ஓட்டிக்கறேன்னு பழகுனேன். ஏனுங்க சிரிக்கறீங்க? நல்லாத்தான் ஓட்டுவேன். எறக்கத்துல கொஞ்சம் வெரசாப் போகும், ஏத்தத்துல கொஞ்சம் ரோசனை பண்ணும். அவ்வளவுதான்.

கூட வர்றது நூஹு ராவுத்தரு. பாலக்காட்டுல சவுளிக்கடை வெச்சிருக்காரு, உங்களுக்குத் தெரியாம இருக்காது. சின்ன வயசுலருந்து கூட்டாளி. எங்கயாச்சும் பாட்டுன்னா கடையை மருமகங்கிட்டக் குடுத்துப்போட்டு அத்தர் பூசிக்கிட்டுக் காருல வந்து ஏறிக்குவாரு. பாட்டு நல்லாத் தெரியுமுங்க அவருக்கு. ஆனா வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டாரு. கண்ணை மூடி உக்காந்திருப்பாரு. அவருகிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம் என்னன்னா, கச்சேரியில நல்ல பாட்டு ஆரம்பிச்சுதுன்னா வெத்தலைப் பையை எடுத்து என்ற மடியில வெச்சுருவாரு. "ஈசுவரண்ணே, ஒண்ணு மடிச்சுக் குடுங்களேன்"பாரு. காம்பு கிள்ளோணும், நரம்பு உரிக்கோணும், சுண்ணாம்பு தடவோணும். மடிச்சுக் குடுத்தா, "இன்னொண்ணு"ம்பாரு. இவரு வெத்தலைக்கே ஒரு ஆளு தனியா வெக்கோணுமாட்ட இருக்குதேன்னு எனக்குக் கோவம் கோவமா வரும்.

எங்க போனாலும் எனக்கு முன்வரிசைதானுங்க. சரிகை அங்கவஸ்திரம், நெத்தி நெறையத் திண்ணீறு. ஆரோ பெரிய சங்கீதக்காரரு வந்துட்டாருன்னு வழி உட்டுருவாங்க. நானும் இல்லைன்னு மறுத்ததில்லை. அங்க உக்காந்து பாத்தா, முன்னால இருக்கறவங்க அல்லாரும் தொடையில தட்டறாங்க. அட, இது ஒரு மொறை போலிருக்குது! விருந்துக்குப் போனா எலையில வெச்சதைச் சாப்பட்டாத்தான ஊட்டுக்காரங்களுக்கு மருவாதி? அது மாதிரி தாளம் போட்டாத்தான் பாடறவருக்கு மருவாதின்னு நெனச்சுக்கிட்டேன். நானும் போட்டேன். போட்டேன்னா ஏனோதானோன்னு இல்லீங்க, நாலு பேருக்குக் கேக்கற மாதிரி போட்டேன். மருவாதி பண்றதை மறைச்சா பண்ணுவாங்க?

மொதக் கச்சேரி மாசியில, இங்க பக்கத்துல சித்தூருல. இதே பாகவதர்தான். மொதப் பாட்டு நல்லாப் போச்சு. ரெண்டாவதுல மிருதங்கக்காரரு ஓட ஆரம்பிச்சாரு. ஓடிப்போட்டு அப்பறம் இழுக்கறாரு. பாகவதர் அவரைப் பாக்கறாரு, அவரு பாகவதரைப் பாக்கறாரு, பிடில்காரரு ரெண்டு பேரையும் பாக்கறாரு. நான் மூணு பேரையும் பாக்கறேன். பாவம், ஒத்து வரமாட்டீங்குது, நாம கொஞ்சம் கை குடுக்கலாமுன்னு இன்னும் பலமாத் தட்டுனேன். பாகவதர் சுடுதண்ணி வாங்கிக் குடிச்சாரு. அப்பறம் தொண்டை சரியில்லைன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு எந்திரிச்சுட்டாரு! மங்களம் பாடலை, ஒண்ணும் பாடலை. மங்களம் பாடாம எந்திரிக்கறதுன்னா பந்தியில ரசத்தோட எலையை எடுத்த மாதிரி இல்லீங்களா? மயிலாத்தா காருல ஏறிப் பின் சீட்டுல சாஞ்சுக்கிட்டா. நாந்தான் வழி பூரா மிருதங்கக்காரரைத் திட்டிக்கிட்டு வந்தேன். ராவுத்தரு சன்னல் பக்கம் மொகத்தைத் திருப்பிக்கிட்டு இருமிக்கிட்டே வந்தாரு.

வைகாசியில மலைக்குக் கெளம்புனமுங்க. காந்தலூர்ல கோயில் நோம்பி, நாதசொரம்னாங்க. உடுமலை தாண்டிப் போனா, மறையூர்ல வழி தப்பி மூணாறு ரோட்டுல ஏறிட்டேன். ஏத்தம் பாருங்க, காரு கொதிச்சு நின்னு போச்சு. நின்ன எடம் ஒரு தேயிலை எஸ்டேட்டு. அங்க செபாஸ்டின்னு ஒரு பிட்டரு, நல்ல மனுசன், "வாங்க, மாதா கோயில்ல உக்காருங்க, நான் சரி பண்ணித் தாரேன்"னாரு. உள்ள போனா, அன்னமேரின்னு ஒரு அம்மா ஆர்மோனியம் வாசிக்குது, தோட்டத்து சனம் இருவது பேரு நின்னு பாட்டுப் பழகறாங்க. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். குளுருக்கு என்ன சொகமா இருந்துச்சுங்கறீங்க! மயிலாத்தா வாயைத் தொறந்து பாத்துக்கிட்டே நின்னுட்டா. நான் மருவாதி தெரிஞ்சவன், சும்மா இருப்பனுங்களா? பெஞ்சு நல்ல மரம். தட்டுனா கோயிலே அதிருது.

கொஞ்ச நேரத்துல பாருங்க, ஆம்பளைங்க என்ற கையைப் பாத்துப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. பொம்பளைங்க ஆர்மோனியத்தைப் பாத்துப் பாடறாங்க. இவங்க 'ஆமென்' சொல்லி முடிச்சுட்டாங்க, அவங்க இன்னும் ரெண்டாவது சரணத்துல நிக்கறாங்க! அந்தம்மா வாசிக்கறதை நிறுத்தீட்டு, மெதுவா, "அண்ணாச்சி, வண்டி ரெடியாயிட்டான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்"னுச்சு. பாத்துட்டு வந்தேன். ஆகலை. திரும்பத் தட்டுனேன். திரும்ப, "இப்ப ஆயிருக்கும், பாருங்களேன்"னுச்சு. கடைசியில செபாஸ்டினே வந்து என்னை வெளிய கூட்டீட்டுப் போயி ஒரு ஸ்பேனரைக் கையில குடுத்துப் புடிச்சுக்கச் சொல்லீட்டாரு. எதுக்குப் புடிச்சிருக்கேன்னு அவருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. காந்தலூர் போயிச் சேர்றப்ப பந்தலைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. நாதசொரம் கேக்கப் போயி ஒரு மூட்டைப் பூண்டோட ஊடு வந்து சேந்தமுங்க.

அப்பறம் ஐப்பசியில உங்க கல்பாத்தித் தேரு. அது உங்களுக்கே தெரியுமே! அன்னைக்கு நீங்க இருந்தீங்களா? ...இருந்தீங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, சிரிச்சுப்போடுங்க சாமி, அடக்காதீங்க. மிருதங்கம் வாசிச்சவரு கொஞ்சங் கொஞ்சமா அக்கட்டால திரும்பித் திரும்பி, கடைசியில அவரு முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது. லைட்டு கண்ணைக் கூசுது போலிருக்குதுன்னு நான் எந்திரிச்சுப் போயி லைட்டைத் திருப்பி வெக்கச் சொன்னேன். பாடறவரு பாத்தாரு. பெரிய பாட்டு எடுத்தாரு, உட்டாரு. வேற எடுத்தாரு, அதையும் உட்டாரு. அப்பறம் தாளமே இல்லாத விருத்தமாப் பாட ஆரம்பிச்சுட்டாரு. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு, அதுவும் விருத்தம். மிருதங்கக்காரரு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு.

நான் அதுக்கும் தட்டுனனுங்க.

...சிரிங்க, சிரிங்க. இப்பச் சிரிக்கலாம். அன்னைக்கு எனக்கு ஆரு சொன்னாங்க? அந்தக் கச்சேரியும் அப்பிடியே விருத்தத்தோட எந்திரிச்சுப் போச்சு. மயிலாத்தா காருல பின் சீட்டுல உக்காந்து மொகத்தை முந்தானையில மறைச்சுக்கிட்டா. ஏன் கண்ணு, தலைவலியான்னு கேட்டேன். ஆமாங்கப்பான்னா. நான் கோயமுத்தூர் ரோட்டுல வண்டியை நிறுத்திச் சோடா வாங்கிக் குடுத்தேன். வாங்கிக் குடிச்சா. இந்தப் புள்ளைக்குப் பாட்டுன்னா ஒத்துக்க மாட்டீங்குதோன்னு கூட நெனச்சேன். பாருங்க புத்தியை!

மார்கழியிலயே, வருசம் திரும்பித் தைக் கடைசிக்குன்னு கல்யாண நாள் குறிச்சாச்சு. மலைக்குப் போற புள்ளைக்கு ஒரு கச்சேரியாச்சும் முழுசா வெக்கோணும், நம்ம பந்தல்ல, நம்ம காசுல, ஆரும் பாதியில எந்திரிக்காம. கொடுவாயூர் பாகவதருக்கு ஆளு உட்டேன். தொண்டை சரியில்லைன்னாரு. திரும்ப உட்டேன், தொண்டை இன்னும் சரியில்லை. சரீன்னு ராவுத்தரைத் தாட்டி உட்டேன். அவரு போயிட்டு வந்து திண்டாடறாரு. "வர்றேன்னுட்டாரு ஈசுவரண்ணே. ஆனா..."ங்கறாரு. ஆனா என்னங்கறேன். வெத்தலைப் பையைத் தொறக்கறாரு, மூடறாரு. "பொண்ணோட தகப்பனாரு முன்னால உக்காரப்படாதாம். கண்ணுக்குத் தெரியற எடத்துலயே இருக்கப்படாதாம்"ங்கறாரு.

எனக்கு வந்துது பாருங்க கோவம்! என்ற ஊட்டுல, என்ற பந்தல்ல! பாகவதர் என்ன பெரிய இவரா, வேற ஆளே இல்லையான்னு கத்துனேன். ராத்திரிச் சோத்துல கை வெக்கலை. மயிலாத்தா வட்டலை எம் முன்னால நகத்தி வெச்சுட்டு எதுத்தாப்ல உக்காந்தா. "அப்பா, அவரு மேல கோவிக்காதீங்க"ன்னா. பின்ன ஆரு மேல? பலகையில கையால தட்டிக் காட்டுனா. கடகடகடன்னு நாலு தட்டு. அப்பறம் மெதுவா, இழுத்து இழுத்து நாலு. "இது என்னங்கப்பா?"ன்னா. எனக்கு எப்பிடித் தெரியாமப் போகும்? நம்ம கெணத்துக் கவலைன்னேன்.

உங்களுக்குப் புரியாது சாமி, நீங்க அக்ரகாரத் தெருவுல பொறந்தவங்க. பம்புசெட்டு வர்றதுக்கு முந்தி எங்களுக்குத் தண்ணி எறைக்கறது கவலைதானுங்க. எருது ரெண்டும் வடத்தை இழுத்துக்கிட்டுச் சரிவுல கடகடன்னு எறங்கும். மேல தண்ணி கொட்டும். அப்பறம் அதே எருதுங்க பொறகாலயே மெல்ல மெல்ல மேட்டுக்கு ஏறும். மீசை மொளைக்கறதுக்கு முந்தியிருந்து அந்த வடத்து மேல உக்காந்தவன் நானு. எறங்கறப்ப ஓட்டம், ஏர்றப்ப இழுப்பு. ஒடம்புக்குள்ள அது ஒண்ணுதான் இருக்குது. "நீங்க போடறது பாட்டுத் தாளமில்லீங்கப்பா. எந்தப் பாட்டுப் பாடுனாலும் நீங்க கவலைதான் ஓட்டறீங்க. வித்துவானுங்க உங்க எருதோட ஓட முடியாம எந்திரிச்சுப் போயிடறாங்க"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா கண்ணுல தண்ணி.

அப்ப வருசம் பூரா ஓடுனதும் இழுத்ததும் மிருதங்கக்காரங்க இல்லீங்க. நானு! ராவுத்தரு வெத்தலை மடிக்கச் சொன்னது எதுக்குன்னு அப்பத்தான் வெளங்குச்சு. அந்த மனுசன் வருசம் பூராத் தின்ன வெத்தலையில வாயே வெந்து போயிருக்கும். வெக்கமாப் போச்சு சாமி. வெக்கம்னா வெக்கம், அந்த வட்டலுக்குள்ள பூந்துக்கலாமான்னு இருந்துச்சு. ஏன் அம்மணி, மாசியிலேயே சொல்லியிருக்கலாமில்லன்னு கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுங்களா? "ஆத்தா போனப்பறம் நீங்க அத்தனை சந்தோசமா இருந்து நாம் பாத்ததே இல்லீங்கப்பா"ன்னா. அப்பறம், "மலைக்குப் போறதுக்குள்ள ஒரு கச்சேரி, ஒண்ணே ஒண்ணு, மங்களம் வரைக்கும் கேட்டுட்டுப் போறனுங்கப்பா"ன்னா. சரி கண்ணுன்னேன். அப்பறம் சோறு சாப்பட்டேன்.

அதானுங்க நான் இங்க குக்கியிருக்கற கதை. சித்தெ முந்தி என்னமோ மிருதங்கக்காரங்க மேல பழி போட்டுக்கிட்டிருந்தேன், அதையெல்லாம் கணக்குல எடுத்துக்காதீங்க. பழக்க தோசம்.

...அட, கேளுங்க சாமி, தனி ஆவர்த்தனம் வாசிக்கறாரு! சித்தூருல வாசிச்ச அதே மிருதங்கக்காரருதானுங்க. எங்கயாச்சும் ஓடறாரா பாருங்க? இழுக்கறாரா? கடுகு பொரியற மாதிரி எவ்வளவு ஒண்ணு போல உழுகுது! இத்தனை நல்ல மனுசனையா நான் வழி பூராத் திட்டிக்கிட்டு வந்தேன்? நான் இல்லாமயே எவ்வளவு நல்லா நடக்குதுங்க! சந்தோசமாத்தான் இருக்குது. இல்லை, கொஞ்சம் வருத்தமாவும் இருக்குது, பொய் எதுக்குச் சொல்றது? அவ எங்க உக்காந்திருப்பா, மாப்பளைக்குப் பக்கத்துல, முன்னாலதான. இந்நேரம் கண்ணை மூடியிருப்பா, அவங்காத்தாளாட்டம். ஏனுங்க சாமி, கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன், சிரிக்கறாளா என்னன்னு... சாமி? ஏனுங்க?

எங்க போனாரு இந்த மனுசன்? அடையை வேகப் போட்டுட்டு, தேங்காப்பாலை ஊத்தீட்டு, சத்தமில்லாமப் போயிட்டாரே! பந்தல் மூலையில நிக்கறது அவருதான? துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, வாயைத் தொறந்துக்கிட்டு! என்னையப் போகக் கூடாதுன்னு மொறைச்சவரு அவரு போயிட்டாரு! சரி, கேக்கட்டும். நாங் கிண்டிக்கறேன். இதுல என்ன இருக்குது, சட்டுவத்தை ஓட்டறதுதான. கை நிக்காமக் கிண்டோணுமின்னாரு, என்ற கை எப்ப நின்னுருக்குது...

...

...பாடறாரு. மங்களமுங்க அது. இந்த வருசம் பூரா அலைஞ்சதுல நாங் கேக்கற மொத மங்களம். எவ்வளவு சின்னப் பாட்டு பாருங்க. இதுக்கா இத்தனை... அம்மணி, கேளு கண்ணு, நல்லாக் கேட்டுக்க. முடியட்டும், முடியட்டும். ஆரும் எந்திரிக்காதீங்க சனங்களே, அந்தக் கொழந்தை அழுகாம ஆராச்சும் தூக்கிக்கங்க. ஆங்... முடிஞ்சுது. முடிஞ்சு போச்சு! கை தட்டறாங்க!

வாங்க சாமி, வாங்க, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? கேட்டீங்களா, மங்களம் பாடீட்டாரு! முழுசா! எம் பொண்ணு முழுசாக் கேட்டுட்டா! நாங்கூட... என்ன சாமி, ஏன் ஓடி வர்றீங்க? என்ன வாசம் வருது?

ஐயோ. சட்டுவம் நின்னுருக்குதே. நான் நிறுத்தலீங்க சாமி, அதுவா நின்னு போச்சு. மங்களம் ஆரம்பிச்சப்பவே நின்னுருக்குமாட்ட இருக்குது. பொறந்ததுலருந்து ஒரு நாளும் நிக்காத கை, இன்னைக்குப் பாத்து, இந்த உருளியிலயா நிக்கோணும்! அடி புடிச்சுருச்சுங்களா? மேலாப்ல எடுத்தா வராதா? வராதா... முந்நூறு எலைக்குப் பிரதமன்!

அங்க பாருங்க, ராவுத்தரு கூப்பட்டுக்கிட்டு வர்றாரு. பாகவதருக்குச் சால்வை போத்தப் பொண்ணோட அப்பன் வரோணுமாம். வர்றேன்னு சொல்லுங்க, கையைக் கழுவீட்டு வர்றேன். சாமி, பந்தியில ஆராச்சும் கேட்டா, சமையக்காரரு கச்சேரி கேக்கப் போயிட்டாருன்னு சொல்லீறட்டுங்களா? ...வேண்டாம், மொறைக்காதீங்க. நாந்தான் தீய உட்டேன்னு நானே சொல்லீறனுங்க.